சம்பந்தம்

படிவத்தில் ஏழாவது கேள்வி இப்படி இருக்கும்:
ஒப்பந்தம் கோருவோருடன்
தங்களுக்கோ தங்கள் குடும்பத்தாருக்கோ
சம்பந்தம் உண்டா?
உண்டு எனில் விவரம் தருக.

விவரம் தர நாலு கோடு விட்டிருப்பார்கள்.
பதினாறு வருடமாக
மஞ்சக்குப்பத்தில் நான் தைக்கும் கோப்புகளில்
அந்த நாலு கோடும் சித்திரை மாதத்துக் கெடிலம்.
சொட்டு மை ஓடியதில்லை.

செயற்பொறியாளர் தெய்வசிகாமணி
வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்.
எங்கள் பிரிவுக்கு மொத்தம் ஒன்பது பத்திரிகை,
நாலு மூலையிலும் மஞ்சள்.
எழுத்து விடாமல் படிக்கிறவள் நான்,
சம்பளமே அதற்குத்தான்.
மணமகனின் தகப்பனார்
குறிஞ்சிப்பாடி திரு. வேதாசலம்,
உரிமையாளர், ஸ்ரீ பாடலி கான்கிரீட் கம்பங்கள்.
தங்க எழுத்து.
தடவினால் விரலில் தட்டுப்பட்டது.

பாப்புலியூர் மண்டபத்தில்
சம்பந்திகள் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.
வெளிச்சம் போதவில்லை என்றார் வீடியோக்காரர்.
இன்னொரு முறை கட்டிக்கொண்டார்கள்.
ஐந்நூற்றொன்று மொய் எழுதினேன்.
தாம்பூலப் பையில் தேங்காய் நல்ல பருமன்,
மறுநாள் துவையலுக்கு ஆயிற்று.

ஆடியில் டெண்டர்.
கடலோரத் தெருக்களுக்கு ஆயிரத்து இருநூறு கம்பம்.
மூன்று உறை வந்தது.
நெல்லிக்குப்பம் கஜேந்திரன்
கம்பத்துக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் குறைவு.
பதினோராம் பக்கத்தில் முத்திரை இல்லையென்று
அவர் உறையை ஓரமாக வைத்தார்கள்.
முத்திரை இல்லைதான்.
பாடலிக்காரர்களின் ஒன்பதாம் பக்கத்திலும் இல்லை.
அதற்கு ஆள் அனுப்பி
டீ ஆறுவதற்குள் குத்தி வாங்கிவிட்டார்கள்.

ஏழாவது கேள்விக்கு வந்ததும் சார்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'இல்லை' என்றுகூட எழுதவில்லை.
ஒரு சின்னக் கோடு, படுக்கைவாக்கில்.
பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

முன்வைப்புத் தொகையைத் திரும்ப வாங்க
கஜேந்திரன் டவுன் பஸ்ஸில் வந்தார்.
'என்னம்மா குறை, என் கம்பத்துல?'
முத்திரை, என்றேன்.
கேன் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தார்.
பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து
உள்ளங்கையில் ஒரு முறை குத்திப் பார்த்தார்.
நன்றாகத்தான் விழுந்தது.

இதில் பாலம் எதுவும் இடியவில்லை.
யாரும் சாகவில்லை.
ஐப்பசிக் காற்றுக்கு ஒரு கம்பம்கூடச் சாயவில்லை.
கம்பத்துக்கு முந்நூற்று நாற்பது ரூபாய்
மண்ணுக்கடியில் நட்டிருக்கிறது, அவ்வளவே.
தேவனாம்பட்டினத்தில் கருவாடு காயவைக்கிற பெண்
இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டிச்
சேலை உலர்த்துகிறாள்.
கரண்டு பில் ஏறிப்போச்சு என்று
எங்கள் வாசலில் வந்து கத்தினாள்.
நான் ஜன்னலைச் சாத்தினேன்.

இப்போது கடைசித் தவணைப் பட்டியல் வந்திருக்கிறது.
'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் சுருக்கொப்பம்.
அதோடு எனக்கும் ஒரு படிவம்.
அதிலும் ஏழு.

பாடலி யார்டில் கம்பம் ஏற்றும் லாரிகளில் ஒன்று
புரட்டாசியிலிருந்து என் தம்பியுடையது.
நான் யாரிடமும் கேட்கவில்லை.
எப்படிக் கிடைத்தது என்று
தம்பியிடமும் கேட்கவில்லை.
தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த புடவையில்தான்
இன்று வந்திருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு
மேசை இழுப்பறையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன்.
துளையிட்டபோது
பிள்ளையாரின் தும்பிக்கையில் ஓட்டை விழுந்தது.
கோப்பில் கோத்துப்
பக்க எண் போட்டேன்: நூற்று நாற்பத்து மூன்று.

பிறகு என் படிவம்.
சம்பந்தம் உண்டா?
பேனா எழுதவில்லை. உதறினேன்.
புடவையில் ஒரு சொட்டுத் தெறித்தது.

தம்பியின் பெயர் திருநாவுக்கரசு.
முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன்.
ஒரு கோட்டில் அடங்கவில்லை.